மரையின் கொம்பில் என் வலை

1

நான் கனடாவுக்கு வந்து இருபது வருசம் நிறைந்ததற்காக மனைவி மெற்றில்டா ஒரு கேக் செய்தாள். அதை வெட்டுவதற்கு முன்பே ஒரு மரை எங்கள் பின்வளவுக்குள் வந்து, என் வலையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டது. கேக்கை அடுத்த நாள்தான் சாப்பிட்டோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது அல்பேட்டா மாகாணத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டணம். தமிழ் வீடு என்று எங்கள் வீடு மட்டும்தான். நான் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். விடிய வேலைக்கு நடக்கும்போது எனக்கு முன்னால் றோட்டில் மரைகள் நடந்துபோகும். இங்கே அவற்றுக்கு எல்க் என்று பெயர். வன்னிக் காட்டு மரையின் சாதிதான், ஆனால் பெரிது. ஆண் என்றால் ஒரு குதிரையளவு நிற்கும்.

ஊர்காவற்றுறையில் கடல்தொழில் செய்த காலத்தில் நான் உயிருள்ள மரையைக் கண்டதில்லை. வன்னியிலிருந்து யாராவது கொண்டுவரும் மரைவத்தலை, காயவைத்த இறைச்சியை, கறிச்சட்டிக்குள் கண்டதுதான். அதனால் முதல்தரம் ஒன்று நேருக்கு நேர் வந்து நின்றபோது என்ன செய்வதென்று தெரியாமல் "குட் மோர்னிங்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டேன். மனிதர்களுக்கு அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வருசம் பிடித்தது.

அவை ஏன் காட்டை விட்டுப் பட்டணத்துக்குள் வருகின்றன என்று பிறகுதான் தெரிந்தது. காட்டில் ஓநாய் இருக்கிறது. ஓநாய்க்கு மனிதரும் வாகனமும் வெளிச்சமும் பிடிக்காது. மரைகளுக்கும் எங்களைப் பெரிதாகப் பிடிக்காதுதான். ஆனால் ஓநாயா சனமா என்று பார்த்து, சனம் பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கின்றன. பாடசாலை மைதானத்தில் குட்டிகளோடு படுத்து அசைபோடும். தபால் கந்தோர் வாசலில் நின்றால் சனம் பொறுமையாகக் காத்திருக்கும். இந்த ஊரில் பயந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று எனக்கு ஒரு ஆறுதல்.

2

மெற்றில்டா நெடுந்தீவுக்காரி. எந்த நிலத்தைக் கண்டாலும் பாத்தி கட்டாமல் இருக்க மாட்டாள். இங்கே வெயில் காலம் மிகக் குறைவு. வெண்டியும் கத்தரியும் பூக்கவே யோசிக்கும். ஆனால் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நன்றாக வரும். போன வருசம் அவளுடைய கோவா ஒவ்வொன்றும் ஒரு குடத்தின் அளவு இருந்தது. அவற்றை மரைகள் ஒரே பொழுதில் தின்று முடித்தன.

இந்த முறை வேலி அடைக்க வேண்டும் என்று முடிவானது.

"கல்லிலை கட்டுங்கோ," என்றாள். "எங்கட நெடுந்தீவிலை எல்லாம் கல்வேலிதான். எந்த ஆடு தாண்டினது?"

"இஞ்ச கல்லுக்கு எங்கை போறது?"

அவள் குசினி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். வெளியே மலை நின்றது. "மலைக்குக் கீழை இருந்துகொண்டு கல்லுக்கு எங்கை போறது எண்டு கேக்கிறார்."

"வலை இருக்கு. வலை கட்டுறன்."

"வலைக்கு மீன்தான் பயப்பிடும்."

கனடாவின் மேற்குக் கரையில் மீன் வேலை செய்யும் என் மைத்துனர் ஒருமுறை வந்தபோது பழைய வலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து தந்திருந்தார். செம்மஞ்சள் மிதவைகள் கூடக் கழற்றாமல் இருந்தது. கடலே இல்லாத இடத்தில் இருக்கிறவனுக்குக் கொடுக்க அவரிடம் வேறு சாமான் இருக்கவில்லை. ஆனால் எனக்கு அது பெரிய சந்தோசம். கராஜுக்குள் வைத்து இடைக்கிடை எடுத்துப் பொத்தல் பார்ப்பேன்.

ஊரில் எங்கள் பக்கம் தோட்டத்தைச் சுற்றிப் பழைய வலை கட்டுவது எல்லோரும் செய்கிற வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. இறுக்கிக் கட்டக்கூடாது. இறுக்கினால் ஆடு முன்னங்காலை வைத்து ஏறி வேலியைச் சாய்த்துவிடும். தொய்ய விட்டுக் கட்டினால் மூக்கு முட்டியதும் வலை அசையும், ஆடு வெருண்டு பின்வாங்கும். நானும் அப்படியே, அலை அலையாகத் தொங்கும்படி நன்றாகத் தொய்ய விட்டுக் கட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஆட்டின் கொம்பு ஒரு சாண். ஆண் மரைக்குத் தலைக்கு மேல் ஒரு மரமே கிளைவிட்டு நிற்கிறது. அதை நான் யோசிக்கவில்லை.

3

புரட்டாதி மாதம் மரைகள் இணைசேரும் காலம். ஆண் மரை சாப்பாட்டை மறந்துவிடும். விசில் அடிப்பது போல ஒரு மெல்லிய நீண்ட சத்தம் எழுப்பும். அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நேரில் கேட்காதவர்கள் நம்ப மாட்டார்கள். பற்றை செடி எதைக் கண்டாலும் கொம்பால் அடித்துக் கிழிக்கும். கொப்பும் புல்லும் கொம்பில் தொங்கினால் அதற்குப் பெருமை. பெரியவனாகத் தெரிவதற்கு அது செய்கிற அலங்காரம்.

கேக்குக்கு மெழுகுதிரி வைத்துக்கொண்டிருந்தபோது பின்வளவில் அந்த விசில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பெரிய ஆண் மரை என் வேலியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. தலையை ஒருமுறை திருப்பியது, வலை ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபக்கம் திருப்பியது, இன்னொரு சுற்று. கட்டைகள் ஒவ்வொன்றாக நிலத்திலிருந்து பிடுங்குப்பட்டு வந்தன. கடைசியில் வலை முழுவதும் இரண்டு கொம்பிலும் ஏறிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் மிதவைகள் ஆட, அது எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு றோட்டில் இறங்கி நடந்தது.

"கலியாண வீட்டுக்குப் போறமாதிரிப் போகுது," என்றாள் மெற்றில்டா.

எங்கள் மகள் அனிற்றாவுக்குப் பதினாறு வயது. அவள் சிரிக்கவில்லை. "என்னுடைய நண்பர்கள் எல்லோரும் பார்க்கப்போகிறார்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் கதவுக்குப் பின்னால். மெற்றில்டா ரெலிபோனை என் கையில் வைத்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "நெற்" என்றேன், "எல்க்" என்றேன், "காட்ச்" என்றேன், விலாசம் சொன்னேன். அவ்வளவுதான் முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய வாகனத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் வலை வைத்து மரை பிடித்திருக்கிறேன் என்று அவர்கள் விளங்கியிருக்கிறார்கள். இங்கே அது பெரிய குற்றம். ஒருவர் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். மற்றவர் குசினி மேசையில் இருந்த கத்தியைப் பார்த்தார். அது கேக் வெட்டுகிற கத்தி.

அனிற்றா அறையை விட்டு வெளியே வரவேண்டியதாயிற்று. "இவர் வேட்டைக்காரர் இல்லை," என்று அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "இவர் சும்மா என்னுடைய அப்பா."

கத்தியைப் பார்த்த அதிகாரியின் பெயர் லிண்டா. அவர் கேக்கையும் பார்த்தார், வெளியே வெறும் கட்டைக் குழிகளையும் பார்த்தார், பிறகு கதிரையில் அமர்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் சிரித்து முடிந்ததும் அவர் சொன்னதை அனிற்றா தமிழில் சொன்னாள். இப்போது மயக்க ஊசி போட ஏலாது. இணைசேரும் வெறியில் இருக்கிற ஆணுக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும், ஊசியே அதைக் கொன்றுவிடும். வலை கண்ணையும் வாயையும் மூடவில்லை, அது நல்ல காலம். ஆனால் இன்னொரு ஆணோடு முட்டும்போது இரண்டு கொம்பும் வலைக்குள் சிக்கினால் இரண்டும் செத்துப்போகும். காட்டில் மரத்தில் மாட்டினால் ஓநாய்க்கு வசதி. பனிக்காலம் முடியும்போது எல்லா ஆண் மரைக்கும் கொம்பு தானாக விழும், வலையும் சேர்ந்து விழும்.

"அதுவரைக்கும் உயிரோடை இருந்தால்," என்று முடித்தாள் அனிற்றா.

4

ஒரு கிழமைக்குள் அந்த மரையைத் தெரியாதவர் ஊரில் இல்லை. "மீன்காரன்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கோப்பிக் கடையில் அதன் படம் தொங்கியது. வலை யாருடையது என்றும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹோட்டலில் என்னோடு வருசக்கணக்காகக் கதைக்காதவர்கள் எல்லாம் வந்து "உம்முடைய மரை எப்படி?" என்று கேட்டார்கள். நான் "குட்" என்று சொல்லிவிட்டுத் துணிக்குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அதிசயம் என்னவென்றால் மீன்காரனுக்கு அந்த வருசம் நல்ல காலம். மற்ற ஆண்கள் சண்டைக்கு வருவார்கள். வந்து அந்த வலையையும் மிதவையையும் பார்ப்பார்கள். இப்படி ஒரு தலையை அவர்கள் தங்கள் பிறவியில் கண்டதில்லை. முட்டாமலே திரும்பிப் போய்விடுவார்கள். பெண் மரைகள் எல்லாம் இவன் பக்கம்தான். லிண்டாவே சொன்னார், முட்டாத வரைக்கும் நல்லது என்று.

ஊர்காவற்றுறையில் இருக்கிற என் அண்ணைக்கு வீடியோவில் காட்டினேன். அண்ணை இப்பவும் கடலுக்குப் போகிறார். துறையடியில் உட்கார்ந்து, ஊசியால் வலைப் பொத்தல் தைத்துக்கொண்டே கதைப்பார், சுற்றி நாலு பேர் நிற்பார்கள்.

"டேய், உன்ர வலையிலை கடலிலை ஒருநாளும் உருப்படியாய் ஒண்டும் படேல்லை," என்றார். "இப்ப கரையிலை நிண்டு குதிரை அளவிலை பிடிச்சிருக்கிறாய்."

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது.

"அடிச்சுக் கறிவைக்கிறதுதானே எண்டு கேளுங்கோ அண்ணை," என்று ஒரு குரல். "ஒரு வத்தல் பார்சல் அனுப்பச் சொல்லுங்கோ."

"பொறுங்கோடா," என்று அண்ணை குரலைத் தாழ்த்தினார். "அது சாப்பிடுதோ? வாய் திறக்க ஏலுமோ?"

"ஏலும் அண்ணை. வலை மேலைதான் நிக்குது."

"ஆமை பட்டா நாங்கள் வலையை வெட்டி விட்டிடுவம். இதைக் கிட்டப் போய் வெட்டேலாதோ?"

"கிட்டப் போனால் என்னை அது வெட்டும்."

அண்ணை கொஞ்ச நேரம் ஊசியை ஓட்டினார். "சரி, நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறன். துலைஞ்ச சாமான் திரும்பிக் கிடைக்கிறதுக்கு அவர்தான். வலையும் சாமான்தானே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எங்கள் சுகம் கேட்பதற்கு முன் மரையின் சுகத்தைக் கேட்பார்.

5

இந்த ஊரில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கிடைக்காது. மாதம் ஒருக்கால் கல்கரிக்குப் போக வேண்டும். மலை முடிந்தால் வெட்டவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் முள்ளுக்கம்பி வேலியும். நெடுந்தீவைப் போலத் தட்டையாக இருக்கிறது என்று மெற்றில்டா ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். கடலைத்தான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்கள்.

அந்த வெளியில் வேறு ஒரு சாதி மான் உண்டு. அன்டிலோப் என்கிறார்கள். ஆட்டை விடக் கொஞ்சம் பெரிது, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அது ஓடுகிற ஓட்டத்துக்கு எங்கள் கார் தோற்றுவிடும். ஆனால் வேலி வந்தால் பாயத் தெரியாது. அந்த மாதம் போனபோதும் ஒரு கூட்டம் பறந்து வந்து, கம்பிக்கு முன்னால் சடாரென்று நின்று, முழங்காலை மடித்து, அடிக்கம்பிக்குக் கீழால் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயிற்று.

"இதென்ன, மான் எண்டால் பாய வேண்டாமோ?" என்றாள் மெற்றில்டா. "எங்கட வேலிப் பொட்டுக்குள்ளாலை நாய் பூருற மாதிரிப் போகுது."

பின்னால் இருந்த அனிற்றா ரெலிபோனில் தேடிப் பார்த்து, அவளுக்கு வந்த தமிழில் சொன்னாள். "முந்தி இஞ்ச வேலி இல்லைத்தானே அம்மா. பாய்ஞ்சு பழக்கமில்லை. ஓடித்தான் பழக்கம். சிறுத்தை மாதிரி ஒண்டு இதுகளைத் துரத்தினதாம். அது எப்பவோ அழிஞ்சு போச்சாம். இதுகள் இன்னும் அதே ஸ்பீடிலை ஓடுதுகள்."

"துரத்தினது இல்லாமல் போனது தெரியாமலோ?"

"ஓம்."

"பாவங்கள். ஆராவது சொல்லக்கூடாதோ."

நானும் மெற்றில்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவசரம் ஒன்றும் இல்லாத அந்தப் பயணத்தில் நான் வழக்கம்போல வேகமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குறைத்தேன்.

வீட்டுக்கு வரும்வரை அனிற்றா அன்டிலோப் பற்றி வாசித்துக்கொண்டே வந்தாள். எங்களோடு அவ்வளவு நேரம் தொடர்ந்து தமிழில் கதைத்து வெகுகாலம். எழுத்துப் பிழை பார்க்கிற வாத்தியாரைப் போல நான் நடுவில் புகுந்து திருத்தவில்லை. எனக்கு அந்த அளவுக்குப் படிப்பும் இல்லை.

6

பனி கொட்டத் தொடங்கியதும் மீன்காரனைக் காணவில்லை.

இணைசேரும் காலம் முடிந்தால் ஆண் மரைகள் பெண்களை விட்டு விலகித் தனிக் கூட்டமாகப் போய்விடும். மாதக்கணக்காகச் சாப்பிடாமல் விசிலடித்துத் திரிந்ததால் எலும்பும் தோலுமாக இருக்கும். பனிக்காலத்தில் சாவது பெரும்பாலும் அந்தப் பெருமைக்காரர்கள்தான் என்று லிண்டா சொன்னார். ஆற்றங்கரையில் ஓநாய்த் தடம் கண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நான் வேலை முடிந்து வரும்போது ஆற்றங்கரைப் பாதையால் வரத் தொடங்கினேன். ஒருநாள் மெற்றில்டா தானாகவே கதைத்தாள். நெடுந்தீவில் யாருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலிக் குதிரைகள் நிற்பது எல்லோருக்கும் தெரியும். வெயில் காலத்தில் குளமெல்லாம் வற்றிவிடும். அப்போது அவை வீட்டு வாசல்வரை வந்து நிற்குமாம், கிட்டப் போனால் ஓடிவிடுமாம். "எங்கட ஐயா வாளியிலை தண்ணியை வைச்சிட்டு உள்ளுக்கை வந்திடுவார். பார்த்துக்கொண்டு நிண்டால் அதுகள் குடிக்காது. நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு அதுகள் உறிஞ்சுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பம்."

"இஞ்ச வைக்கோல் வைப்பமோ?" என்று நான் கேட்டேன்.

அனிற்றா குறுக்கே பாய்ந்தாள். "வேண்டாம் அப்பா! இப்ப அதுகளின்ர வயிறு பட்டையும் சருகும் தின்னத்தான் பழகி இருக்கு. திடீரெண்டு நல்ல சாப்பாடு குடுத்தால் செத்துப்போகும். லிண்டா சொன்னவ."

லிண்டாவோடு அவள் ரெலிபோனில் கதைக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அடுத்த நாள் நான் ஆற்றங்கரைக்குப் போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளும் வந்தாள். "படம் எடுக்கத்தான்," என்றாள்.

நத்தார்ப் பண்டிகை முடிந்து ஒரு நாள், ஆற்றுக்கு அந்தப்பக்கத் திடலில் அவனைக் கண்டோம். அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்தது. வலையில் பனி உறைந்து, தலையில் வெள்ளைக் குடம் வைத்ததுபோல. கரைவரை போய்ப் பார்த்தால் மெலிந்து விலா எலும்பு எண்ணலாம் போல் இருந்தது. ஆனால் முன்னங்காலால் பனியை வறட்டு வறட்டென்று கிண்டி, கீழே கிடந்த காய்ந்த புல்லைத் தின்றுகொண்டிருந்தான். அனிற்றா படம் எடுக்க மறந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7

பங்குனி மாதம் லிண்டா அனிற்றாவைக் கூப்பிட்டார். ஒரு கொம்பு விழுந்துவிட்டது. விழுந்த கொம்பு நிலத்துக்குப் போகவில்லை. வலை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றக் கொம்பிலிருந்து தொங்கவிட்டிருக்கிறது. தலை ஒருபக்கம் சரிந்து, மேய ஏலாமல், நடக்கும்போது அந்தக் கொம்பு முழங்காலில் அடிக்கிறது. இனிப் பொறுக்க ஏலாது, இன்றைக்கு ஊசி போடப்போகிறோம், இவ்வளவு மெலிந்த உடம்பு தாங்குமோ தெரியாது என்றார். வருவதென்றால் வாகனத்துக்குள் இருக்க வேண்டும்.

மூன்று பேரும் போனோம். மெற்றில்டா செபமாலையைக் கொண்டுவந்தாள்.

அவன் ஆற்றங்கரையில், இங்கே வில்லோ என்கிற பற்றை ஒன்றுக்குள் நின்றான். தொங்கிய கொம்பு பற்றையின் அடிமரத்தில் மாட்டிவிட்டது. இழுக்கிறான், வரவில்லை. கொஞ்சம் தள்ளி நாலு ஆண் மரைகள் மேய்ந்துகொண்டு நின்றன. அவற்றுக்கு ஏற்கெனவே கொம்பு விழுந்து மொட்டைத் தலை. ஒன்றும் இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லிண்டா மயக்க ஊசித் துப்பாக்கியோடு இறங்கிக் குனிந்தபடி போனார். முடிச்சுப் போட்டவன் நான். அது இலேசில் அவிழாது என்று எனக்குத் தெரியும். ஊரில் என்றால் அதில் ஒரு பெருமை இருக்கும்.

லிண்டாவைக் கண்டதும் அவன் வெருண்டான். பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, முழு உடம்பையும் கொடுத்துப் பின்னால் இழுத்தான். பற்றை வளைந்தது. லிண்டா துப்பாக்கியை உயர்த்தினார். "பட்" என்று, விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

லிண்டா சுடவில்லை. மற்றக் கொம்புதான் கழன்று, வலையோடு பற்றைக்குள் விழுந்தது.

இழுத்த வேகத்தில் அவன் பின்பக்கம் குந்திவிட்டான். எழும்பித் தலையை உதறினான். இன்னொருதரம் உதறினான். தலையில் ஒன்றும் இல்லை என்பதை அவனால் நம்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். கழுத்தை மேலே தூக்கிப் பார்த்தான், கீழே இறக்கிப் பார்த்தான். பிறகு பனிக்குள் துள்ளி ஓடினான். அந்த மெலிந்த காலில் எங்கேயிருந்து அந்தத் துள்ளல் வந்ததோ தெரியாது.

மெற்றில்டா செபமாலையோடு கைதட்டினாள். அனிற்றா காருக்குள் இருந்து கத்திய கத்தலில் எனக்கு ஒரு காது அடைத்துவிட்டது. தமிழா ஆங்கிலமா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. லிண்டா திரும்பி வந்து ஜன்னலுக்குள் கையைவிட்டு என் கையைக் குலுக்கினார்.

"எது அப்பா எங்கட ஆள்?" என்று அனிற்றா கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். அவன் மற்ற நாலு பேரோடும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஐந்தும் மொட்டை. ஐந்தும் மெலிவு. ஐந்தும் குனிந்து பனியைக் கிண்டிக்கொண்டிருந்தன. அரை மைலுக்கு அப்பால் கண்டாலும் தெரிகிறவனை இப்போது கல்லெறி தூரத்தில் எனக்குத் தெரியவில்லை.

"அந்த இடப்பக்கம் நிக்கிறது," என்றேன்.

"சும்மா சொல்லாதேங்கோ," என்றாள் மெற்றில்டா.

ஐந்தும் மேய்ந்துகொண்டே ஆற்றுப் பக்கமாகத் திரும்பின. ஒன்று மாத்திரம் தலையை நிமிர்த்திக் காரைப் பார்த்தது. அது அவனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரும்பக் குனிந்து தின்னத் தொடங்கியது.